மூழ்கிய கடல் மலரும் மலாக்காச் செட்டிகளும்

நம் காலனி அன்பர்களுட் பலர் விசாகப்பட்டினம் சென்றிருப்பீர்கள். அங்கே கடற்கரையில் நிறுத்தப்பட்டிருக்கும் குர்சுரா என்னும் நீர்மூழ்கிக் கப்பலைக் குழந்தைகளுக்குக் காட்டியுமிருப்பீர்கள். 1969இல் நமது கடற்படையிற் சேர்ந்து, 2001இல் ஓய்வு பெற்று, 2002 முதல் காட்சிசாலையாக விளங்கும் அக்கப்பல் மெய்யான போர்க்கப்பல். அதன் இரும்பும் பழையது. அதன் இயந்திரங்களும் பழையவை. கடலில் உழைத்த கப்பலே கரையேறி நிற்கின்றது.

ஆனால் உலகில் வேறொரு வகைக் கப்பற் காட்சியும் உண்டு. என்றோ மூழ்கிப் போன, அல்லது மக்கி மறைந்த போர்க்கப்பலைப் பழைய ஏடுகளையும் ஓவியங்களையும் துணைக்கொண்டு புதிதாகச் செய்து வைப்பது அது. இங்கிலாந்தின் டிரேக் என்பவர் 1577 முதல் 1580 வரை உலகைச் சுற்றிவந்த கோல்டன் ஹைண்டு என்னும் கப்பலின் மாதிரி, இன்று லண்டனில் தேம்ஸ் நதிக்கரைத் துறையொன்றில் நிற்கின்றது. 1629இல் ஆஸ்திரேலியாவுக்கு அருகே பாறையில் மோதி உடைந்த படாவியா என்னும் டச்சுக் கப்பலை, ஹாலந்து நாட்டினர் 1985இல் தொடங்கிப் பத்தாண்டுகள் உழைத்து மீண்டும் கட்டினர். மக்கள் சீட்டு வாங்கி இக்கப்பல்களின் மேல்தளத்தில் உலவி மகிழ்கின்றனர்.

இவ்வகையில் தமிழராகிய நாம் சிறப்பாக அறிந்துகொள்ள வேண்டிய கப்பல் ஒன்று மலேசியாவின் மலாக்கா நகரில் இருக்கின்றது. அதன் பெயர் 'ப்ளோர் தெ ல மார்'. போர்த்துக்கீசியர் இட்ட பெயர். 'கடல் மலர்' என்பது பொருள். மலாயாவில் வாழும் உறவினர் ஒருவர் அக்கப்பலின் முன்னே குடும்பத்தோடு நின்று எடுத்த புகைப்படத்தை எனக்கு அனுப்பியிருந்தார். அதைக் கண்டபின் தேடிப் படித்த செய்திகளையே இம்மலரில் தொகுத்துத் தருகின்றேன்.

மலாக்காவும் நம் கரையும்

மலாக்கா ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவில் பரமேசுவரன் என்னும் அரசனால் அமைக்கப்பட்ட துறைமுகம். மேற்கிலிருந்து ஒரு பருவக்காற்றிலும் கிழக்கிலிருந்து மற்றொரு பருவக்காற்றிலும் வரும் கப்பல்கள் சந்திப்பதற்கு வாய்ப்பான இடம் அது. சீனத்துப் பட்டும் பீங்கானும், மலுக்குத் தீவுகளின் கிராம்பும், பாந்தாத் தீவுகளின் ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் அங்கே வந்து குவிந்தன. அவற்றுக்கு ஈடாகக் கிழக்கு நாட்டார் கேட்டது பெரும்பாலும் ஒன்றே: சோழமண்டலக் கரையின் துணி. நம் நெசவாளர் நெய்து சாயமேற்றிய துணி இன்றிக் கிராம்பு வணிகம் நடவாது என்னும் நிலை அக்காலத்தில் இருந்தது.

அத்துணி பெரும்பகுதி எத்துறையிலிருந்து சென்றது? பழவேற்காட்டிலிருந்து. அந்தப் பழவேற்காடு நமக்கு அயலூர் அன்று. ஏரியின் முகத்துவாரமும் ஊரும் தமிழ்நாட்டில் இருப்பினும், ஏரியின் பெரும்பகுதி சூலூர்ப்பேட்டைப் பக்கம், நமது திருப்பதி மாவட்டத்திலேயே பரந்து கிடக்கின்றது. குளிர்காலத்தில் பூநாரைகளைக் காணப் பேருந்து அமர்த்திச் செல்கின்றோமே, அதே ஏரிதான். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்துறை விஜயநகரப் பேரரசின் ஆட்சிக்குள் இருந்தது. 1509இல் அரியணை ஏறிய கிருஷ்ணதேவராயர், தம் தேவியர் இருவரோடு கைகூப்பி நிற்கும் செப்புத் திருமேனியைத் திருமலைக் கோயிலில் நாம் காண்கின்றோம். அம்மன்னர் ஆண்ட நாளில்தான் நாம் பேசும் இவ்வரலாறு நிகழ்ந்தது.

மலாக்காவில் வாழ்ந்த சோழமண்டலக் கரை வணிகரை அந்நாட்டார் 'கெலிங்' என்று அழைத்தனர். கலிங்கம் என்னும் பெயரின் திரிபு அது எனினும், அங்கிருந்த கெலிங் வணிகருள் பெரும்பாலோர் தமிழரே. அந்நகரில் அயல்நாட்டு வணிகரைக் கவனிக்க நான்கு துறைமுக அதிகாரிகள் இருந்தனர் என்று, 1512 முதல் சில ஆண்டுகள் அங்கே தங்கிய தொமே பிரெஸ் என்னும் போர்த்துக்கீசியர் எழுதி வைத்துள்ளார். வந்த மக்கள் பேசிய மொழிகள் எண்பத்து நான்கு என்று அவர் கணக்கிடுகின்றார். அவ்வெண்பத்து நான்கனுள் நம் தமிழும் ஒன்றாக, ஏற்றத்தோடு, கடைத்தெருவில் ஒலித்திருக்கும்.

கடல் மலர் வந்த வரலாறு

1509ஆம் ஆண்டு செப்டம்பரில் செக்கேரா என்னும் தலைவனோடு போர்த்துக்கீசியக் கப்பல்கள் முதன்முறையாக மலாக்காவை அடைந்தன. முதலில் நட்பாக வரவேற்ற சுல்தான் மகமூது ஷாவின் அவை, பின்னர் ஐயங்கொண்டு அவர்களைப் பிடிக்க முயன்றது. கப்பல்கள் தப்பின. கரையிலிருந்த ஏறத்தாழ இருபதுபேர் சிறைப்பட்டனர்.

அச்சிறையாளர்க்கு உணவும் உதவியும் அளித்தவர் ஒரு தமிழ் வணிகர். போர்த்துக்கீசிய ஏடுகள் அவரை 'நினா சத்து' என்று குறிக்கின்றன. நயினார் என்பதும் செட்டி என்பதும் அந்நாட்டார் நாவில் இவ்வாறு சிதைந்தன என்று கொள்வது பொருந்தும். சிறைப்பட்டோருள் தலைவரான ரூய் தெ அரௌஜோ என்பவர் 1510இல் எழுதிய கடிதம் இந்தியாவை அடைய அவருடைய உதவியே வழிவகுத்தது. அக்கடிதம் சென்று சேர்ந்த இடம், போர்த்துக்கீசிய ஆளுநர் அல்புகர்க்கின் கை.

1511 ஜூலை முதல் நாள் அல்புகர்க் பதினெட்டுக் கப்பல்கள் வரை கொண்ட படையோடு மலாக்காவின் முன் தோன்றினார். படைவீரர் ஏறத்தாழ ஆயிரத்து இருநூற்றுவர். அவருள் மலையாளக் கரையில் திரட்டப்பட்டவரும் இருந்தனர். கப்பல்களுள் முதன்மையானதே நமது கடல் மலர். 1502இல் லிஸ்பன் நகரில் கட்டப்பட்ட நானூறு டன் கப்பல் அது. 1507இல் ஓர்முஸ், 1509இல் தியூ, 1510இல் கோவா என்று மேலைக்கடற் போர்கள் பலவற்றில் அது பங்கு கொண்டிருந்தது.

ஜூலை 25ஆம் நாள் முதற்றாக்குதலும் ஆகஸ்டு 10ஆம் நாள் இரண்டாந்தாக்குதலும் நடந்தன. அம்மாதம் 24ஆம் நாளளவில் நகரம் முற்றும் வீழ்ந்தது. சுல்தான் வெளியேறினார். பள்ளிவாசலையும் அரசர் கல்லறைகளையும் இடித்தெடுத்த கற்களைக் கொண்டு போர்த்துக்கீசியர் கோட்டை எழுப்பினர்.

கண்டம் செய்யவேண்டிய கப்பல்

கொள்ளைப் பொருள் அனைத்தையும் கோவாவுக்குக் கொண்டு செல்ல அல்புகர்க் தேர்ந்தெடுத்தது கடல் மலரையே. இந்தியப் பயணத்திற் செல்லும் போர்த்துக்கீசியக் கப்பல்கள் பொதுவாக மூன்று நான்கு ஆண்டுகளுக்குமேல் தாங்கா. கடல் மலருக்கோ ஒன்பதாண்டு கழிந்துவிட்டது. 1506இலேயே நீர் கசிந்து, தாய்நாடு செல்ல முடியாமல் மொசாம்பிக் பக்கம் நெடுநாள் தங்கிப் பழுது பார்க்கப்பட்ட கப்பல் அது.

நான் பணிபுரியும் ரயில்வேயில், வயது கடந்த பெட்டியைக் 'கண்டம்' செய்து ஒதுக்கிவிடுவது வழக்கம். தோற்றத்தில் இன்னும் ஒரு நடை ஓடும் போலிருப்பினும், அதை வண்டியிற் கோக்க மாட்டார்கள். பேராசைக்கு அந்த விதி ஏது? பெரிய கப்பல், ஆகவே பெருஞ்சுமை கொள்ளும் என்பதொன்றே அல்புகர்க்கின் கண்ணுக்குப் பட்டது.

1511 நவம்பர் 20ஆம் நாள் இரவு, சுமத்ராவின் கரையோரம் புயலிற் சிக்கிப் பாறைத்திட்டில் மோதிக் கப்பல் பிளந்தது. அல்புகர்க் ஒரு தெப்பத்தில் ஏறித் தப்பினார். உடன் வந்தோர் பலர் மாண்டனர். பொன்னும் மணியும், தம் கல்லறைக்கு வைக்கவென்று அவர் எடுத்துவந்த வெண்கலச் சிங்கங்களும் கடலில் ஆழ்ந்தன. அப்புதையலைத் தேடிப் புறப்பட்டோர் பலர். கண்டெடுத்தோம் என்று அறிவித்தோரும் உண்டு. ஐயமற நிலைநாட்டினார் எவருமில்லை.

என் மனத்தை வருத்துவது அப்பொன் அன்று. ஜாவா தேசத்து மாலுமி ஒருவர் வரைந்த பெரிய கடற்படம் ஒன்றும் அக்கப்பலில் இருந்தது. நன்னம்பிக்கை முனை, செங்கடல், கிராம்புத் தீவுகள், சீனர் செல்லும் வழிகள் யாவும் அதில் இருந்தனவாம். அதன் ஒரு பகுதியை மட்டும் முன்னரே படியெடுத்திருந்தனர். எஞ்சியது போயிற்று. இச்செய்தியை 1512 ஏப்ரலில் தம் மன்னருக்கு எழுதிய கடிதத்தில் அல்புகர்க்கே தெரிவிக்கின்றார். பொன் மீண்டும் விளையும். ஒரு நாட்டார் தலைமுறை தலைமுறையாகக் கற்றுத் தீட்டிய அறிவு மூழ்கினால் மீளுமா?

மாதிரிக் கப்பல்

அக்கப்பலைத்தான் மலாக்கா அரசினர் மாதிரியாக நிறுவி, 1994இல் கடல்சார் காட்சிசாலையாகத் திறந்தனர். நீளம் 36 மீட்டர், உயரம் 34 மீட்டர், அகலம் 8 மீட்டர். ஆற்றின் கரையில், தரைமீது, பாய்மரங்களோடு நிமிர்ந்து நிற்கின்றது. உள்ளே சுல்தான்கள் காலம், போர்த்துக்கீசியர் காலம், டச்சுக்காரர் காலம், ஆங்கிலேயர் காலம் என்று கப்பல்களின் மாதிரிகளும் படங்களும் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. 2008இல் மலாக்கா நகரம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. அங்கு வரும் சுற்றுலா மக்கள் பலரும் கப்பலின்முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர்.

இதில் வியத்தற்குரிய செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்து வைத்தவை தம் முன்னோர் செலுத்திய கப்பல்கள். மலாக்கா மக்கள் செய்து வைத்திருப்பதோ, தம் நகரை எரித்துக் கொள்ளையிட்ட பகைவனின் கப்பல்! வென்றவன் ஏறி வந்ததையும், கொள்ளையோடு அவன் மூழ்கியதையும் ஒருங்கே நினைவிற் கொள்ள அதனினும் ஏற்ற சின்னம் வேறில்லை என்று அவர்கள் கருதினர் போலும். தம் தோல்வியை மறைக்காமல் பிள்ளைகளுக்குக் காட்டுகின்ற அத்துணிவைப் பாராட்டாதிருக்க முடியவில்லை.

நினா சத்துவின் முடிவு

நிற்க. சிறையாளர்க்கு உதவிய நம் வணிகர் என்ன ஆனார்? போர்த்துக்கீசியர் அவரைக் கெலிங் மக்களுக்குத் தலைவராக்கிப் 'பெண்டகாரா' என்னும் உயர்பதவி தந்தனர். அவரோடு பங்கு சேர்ந்து நம் பழவேற்காட்டுக்கும் பெகு நாட்டுக்கும் கப்பல் அனுப்பினர். ஆயின் அச்செல்வாக்கு நெடுநாள் நிற்கவில்லை. 1514இல் அப்பதவியைக் கம்பார் நாட்டு மன்னருக்கு மாற்றிக் கொடுக்க முடிவாயிற்று. மானம் பொறாத அவர், நறுமணக் கட்டைகளால் மேடை அமைத்துத் தீ மூட்டி, விழாக்கோலம் பூண்டு, தாம் செய்த நன்றியையும் பெற்ற கைம்மாறையும் கூடியிருந்தோர்க்கு எடுத்துரைத்து, அத்தீயிற் புகுந்தார் என்று போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர் எழுதி வைத்துள்ளனர்.

அவர் செய்தது நன்றோ தீதோ என்று இன்று தீர்ப்புக் கூற நாம் யார்? பசித்த சிறையாளர்க்குச் சோறிட்டது அறமே. வாழ்வு தந்த நாட்டின் பகைவர்க்குக் கடிதம் செல்ல உதவியது அறமாகாது என்பாரும் இருப்பர். ஒன்றுமட்டும் உறுதி: மூழ்கிய கப்பலுக்கு 34 மீட்டர் உயரத்தில் நினைவுச்சின்னம் எழுந்தது. தீயில் மறைந்த தமிழரின் பெயரோ நம்மவர்க்கே தெரியாமற் போயிற்று.

மலாக்காச் செட்டிகள்

அந்நாளைத் தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள் இன்றும் மலாக்காவில் வாழ்கின்றனர். 'மலாக்காச் செட்டிகள்' என்பது அவர்கள் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்ற நாட்டுக்கோட்டை நகரத்தார் வேறு, இவர்கள் வேறு. அந்நாளில் மகளிர் கடல் கடந்து செல்லாமையால், சென்ற ஆடவர் மலாய், ஜாவானிய, சீனப் பெண்களை மணந்து அங்கேயே குடியமர்ந்தனர். 1641இல் டச்சுக்காரர் மலாக்காவைக் கைப்பற்றித் தம் வணிக ஆதிக்கத்தை நிறுவியபின், இவர்களது கடல் வாணிகம் தளர்ந்தது. தாயகத்தோடு தொடர்பும் அறுந்தது. பலர் நகரை விட்டுக் காஜா பெராங் என்னும் பகுதிக்குப் பெயர்ந்து வேறு தொழில்களை மேற்கொண்டனர்.

எனினும் சமயத்தை அவர்கள் விடவில்லை. 1781இல் தைவநாயகம் செட்டி என்னும் தலைவர், டச்சு அரசினர் அளித்த நிலத்தில் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி கோயில், மலேசிய நாட்டின் மிகப் பழைய இந்துக் கோயில்களுள் ஒன்றாக இன்றும் பூசையோடு விளங்குகின்றது. மாரியம்மனுக்குத் திருவிழா எடுக்கின்றனர். பொங்கலிடுகின்றனர். போகியன்று முன்னோரை எண்ணி வாழையிலையிற் படையலிடுகின்றனர்; அதற்குப் 'போகிப் பார்ச்சு' என்று பெயர். அந்தப் 'பார்ச்சு' என்னும் சொல்லில் நம் வீட்டுப் பெண்டிர் சொல்லும் 'படைச்சு' ஒலிக்கின்றதாகவே எனக்குத் தோன்றுகின்றது. பிள்ளை, நாயக்கர், படையாட்சி என்னும் பட்டப் பெயர்களும் அவர்களிடையே வழங்குகின்றன.

ஆனால் அவர்கள் வீட்டிற் பேசுவது தமிழன்று, மலாய். இடையிடையே சில தமிழ்ச் சொற்கள் மட்டும் எஞ்சியுள்ளன. தாய்மார் பேசிய மொழியே பிள்ளைகளின் மொழியாயிற்று. தாய்மொழி என்று அதற்குப் பெயரிட்டது பொருத்தமே. எழுத்தும் ஏடும் கைவிட்டபின் பேச்சு எத்தனை நாள் நிற்கும்?

இதை அவர்களைக் குறைகூற எழுதவில்லை. தபாலும் ரயிலும் இல்லாத காலத்தில், கோயிலையும் பொங்கலையும் ஐந்து நூற்றாண்டு காத்து வைத்திருப்பது எளிய செயலா? அவர்கள் நிலையில் நாம் இருந்திருந்தால் அதில் பாதியேனும் காத்திருப்போமா என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

நமக்குரிய செய்தி

நாம் வாழும் இச்சித்தூர், திருப்பதிப் பகுதி மலாக்காவைப் போன்று கடல் கடந்த நாடன்று. 1911இல் தனி மாவட்டமாகும்வரை சித்தூர்ப் பகுதி வட ஆர்க்காட்டோடு இணைந்திருந்தது. 1960இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. சித்தூர் ஆந்திரத்தில் நின்றது. ரேணிகுண்டாவில் ஏறினால் சில மணி நேரத்தில் சென்னை. தமிழ்ப் பத்திரிகையும் தமிழ்ப் படமும் நமக்கு எட்டாதவை அல்ல. தெலுங்கோ நமக்குச் சோறிடும் மொழி. நம் பிள்ளைகள் அதனை நன்கு கற்கவேண்டும், அண்டை வீட்டாரோடு அம்மொழியில் உறவாட வேண்டும். அதில் ஐயமில்லை.

ஆயினும் நம் காலனியில் ஒவ்வொரு வீடாக எண்ணிப் பாருங்கள். பொங்கல் இருக்கின்றது, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி இருக்கின்றது, மார்கழிக் கோலம் இருக்கின்றது. நம் பிள்ளைகள் தமிழ் பேசவும் பேசுகின்றனர். இம்மலரைக் கையிற் கொடுத்தால் அவருள் எத்தனைபேர் படிப்பர்? என் வீட்டிலேயே மூத்தவள் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். இளையவனுக்கு 'அ' என்னும் எழுத்தும் தெரியாது. இக்கட்டுரையை எழுதி முடித்ததும் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். கப்பல் மூழ்கிய இடத்தை இருமுறை கேட்டான். 'நீயே படித்துக்கொள்' என்று தாளை நீட்ட என்னால் இயலவில்லை. அக்குற்றம் அவனுடையதன்று.

மரத்தாலான கப்பல் மூழ்கினால், அளவு தெரிந்தவன் மீண்டும் கட்டிவிடலாம். நானூற்றெண்பது ஆண்டு கழித்தும் கட்டியிருக்கின்றனர். ஒரு குடும்பத்தில் மூழ்கிய மொழிக்கு அத்தகைய மாதிரியைக் கட்டித் தருவார் யார்?

ஆதலால் இவ்வாண்டு விழாவில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கின்றேன். ஞாயிறு தோறும் காலை ஒரு மணி நேரம், சங்கத்துக் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்க வழி செய்வோம். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் போதும். கற்பிக்க முன்வருவோருள் முதற்பெயராக என் பெயரைக் குறித்துக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களை வேண்டுகின்றேன். முதல் மாணவனாக என் இளைய மகன் வருவான். அடுத்த ஆண்டு மலரில் நம் பிள்ளைகள் தம் கையால் எழுதிய பக்கம் ஒன்றேனும் இடம்பெறுமாயின், அதுவே இச்சங்கம் எழுப்பும் நினைவுச்சின்னமாகும்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!